கூற்றும் காரணமும்: காஞ்சியிலிருந்து தேர்வுத்தாள் வரை

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் செல்லும் மாணவர் அனைவரும் கணக்குத் தாளில் எதிர்பார்த்துச் செல்லும் வினா ஒன்று உண்டு. 'தேல்ஸ் தேற்றத்தை எழுதி நிறுவுக' என்றோ, 'பிதாகரஸ் தேற்றத்தைக் கூறி நிரூபிக்க' என்றோ அது அமையும். நூறு மதிப்பெண்ணில் ஐந்து அதற்கு உரியது. விடையெழுதும் முறையும் வரையறுக்கப்பட்டதே. கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்பன அதன் உறுப்புகள். 2019இல் வெளிவந்த பாடநூல் நிரூபணப் பகுதியைக் கட்டமிட்டே தருகிறது. ஒரு பத்தியில் 'கூற்று'. அதற்கு எதிரே 'காரணம்'.

இவ்விரு சொற்களைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். கணக்கு நமது துறையன்று. ஆயினும் கூற்றையும் காரணத்தையும் எதிரெதிரே நிறுத்திச் சோதிக்கும் முறை தமிழில் எங்கே விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடப் புகுந்தால், ஒரு காப்பியத்தின் வாசலில், அதுவும் காஞ்சிமாநகரில், போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வாசலைத் தமிழ் படித்தோர் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறோம். கணக்குக் கற்பிப்போர் அப்பக்கம் வருவதில்லை.

முதலில் இன்றைய வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். கிரேக்க அறிஞர் யூக்ளிடின் நூலுக்கு ஐந்தாம் நூற்றாண்டில் உரை கண்ட புரோக்ளஸ், ஒரு தேற்றத்தின் உறுப்புகள் ஆறு என வகுத்தார்: பொதுக்கூற்று, கொடுக்கப்பட்டதை எடுத்துவைத்தல், நிறுவ வேண்டியதைத் தெளிவுறுத்தல், அமைப்பு, நிறுவல், முடிவு. நம் மாணவர்கள் எழுதும் தலைப்புகள் இவற்றின் சுருக்கமே. இங்கிலாந்துப் பள்ளிகளில் யூக்ளிடின் நூலே நெடுங்காலம் பாடநூலாக இருந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி மெட்ரிகுலேஷன் தேர்வை நடத்தத் தொடங்கியபோது யூக்ளிடும் உடன் வந்தார். பின்னர் ஹால், ஸ்டீவன்ஸ் இருவரும் எழுதிய வடிவியல் நூல் இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டது.

மனப்பாடம் செய்து நிரூபணம் எழுதுவதை நமக்கே உரிய நோய் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இங்கிலாந்து மாணவரும் யூக்ளிடை வரிசை எண்ணோடு ஒப்பித்தவர்களே. அதனைக் கண்டு சலித்த ஆசிரியர்கள் 1871இல் வடிவியல் கற்பித்தலைச் சீர்திருத்த ஒரு சங்கமே அமைத்தனர். முப்பதாண்டுகள் போராடிய பின்னரே, 1903இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் தேர்வில் யூக்ளிடின் வரிசையையே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயத்தைக் கைவிட்டது. காரணம் கேட்பதற்காகவே எழுந்த ஒரு நூல், காரணம் கேளாமல் ஒப்பிக்கப்படும் நூலாக அதன் சொந்த வீட்டிலேயே மாறியிருந்தது.

யூக்ளிட் வருவதற்கு முன் தமிழ்ச் சிறுவர் கணக்குக் கற்காமல் இல்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி இருந்தது. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம் அளக்கவும், நெல் அளக்கவும், பொன் நிறுக்கவும் விதிகள் தந்தது. அவ்விதிகள் பாட்டாகவே அமைந்தவை; நினைவில் நிற்பவை; நடைமுறைக்கு உதவுபவை. எனினும் இன்ன விதி ஏன் சரி என்ற வினாவுக்கு அவற்றில் இடமில்லை. விதி சரியா என்பதை அறுவடைக் களமும் சந்தையும் சோதித்துக்கொண்டன.

இந்தியக் கணிதமே காரணம் கேளாத கணிதம் என்று இதைக்கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. வடமொழிக் கணித உரைகளில் 'உபபத்தி' என்ற பெயரில் நிறுவல்கள் உண்டு. கேரளத்தில் 1530ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷை, விதிகளுக்கான யுக்திகளைப் படிப்படியாக விளக்குவதையே நோக்கமாகக் கொண்டது. தமிழில் நமக்குக் கிடைத்துள்ள கணக்கு நூல்கள் அவ்வழியில் செல்லவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

விதிக்கும் நிறுவலுக்கும் உள்ள தொலைவை அறிய ஓர் எடுத்துக்காட்டு போதும். போதையனார் பெயரால் ஒரு பாடல் தமிழ் இணையத்தில் நெடுநாளாகச் சுற்றி வருகிறது. பிதாகரஸுக்கு முன்பே தமிழர் கர்ணத்தின் நீளம் காண வழி கண்டுவிட்டனர் என்பது அதனுடன் வரும் பெருமிதம். பாடலின் வயதைப் பற்றிய விவாதம் இருக்கட்டும். விதியை மட்டும் பார்ப்போம். செங்கோண முக்கோணத்தில் நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளிவிட்டு, மற்றப் பக்கத்தின் பாதியைக் கூட்டினால் கர்ணம் கிடைக்கும் என்கிறது அது. பக்கங்கள் 4, 3 எனின் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5, சரி. 8, 6 எனின் 7ம் 3ம் சேர்ந்து 10, சரி. 12, 5 எனின் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13, அதுவும் சரி. மூன்று முறை சரியாக வந்ததும் பகிர்ந்துவிடுகிறார்கள். 15, 8 என்ற பக்கங்களை இட்டுப் பார்த்தால் 17 வரவேண்டிய இடத்தில் 17.125 வருகிறது. 24, 7 எனின் 25க்குப் பதில் 24.5. தச்சருக்கும் கொத்தருக்கும் உதவக்கூடிய நல்ல தோராய விதி இது. தேற்றமாகாது. வர்க்கமூலம் காணாமலே விடை தருகிறது என்ற வியப்பு, எப்போதும் தருமா என்ற வினாவை மறைத்துவிட்டது.

அந்த வினாவைக் கேட்கப் பழகிய ஊர் காஞ்சி. பல்லவர் காலக் காஞ்சியில் 'கடிகை' என்னும் உயர்கல்விக் கூடம் இருந்தது. கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் அரசனாவதற்கு முன் அங்குக் கல்வி பெற வந்தான் என்று தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகிறது. பௌத்த அளவையியலின் தலைமகனாகிய திக்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. நாலந்தாவின் தலைமை ஆசிரியராக விளங்கிய தர்மபாலரின் பிறப்பிடம் காஞ்சி என்று, ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனப் பயணி யுவான் சுவாங் எழுதியுள்ளார். வாதத்தில் வெல்வதும் தோற்பதும் அந்நகரில் வாழ்வின் பெரிய நிகழ்ச்சிகளாக இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சூழலின் தமிழ்ச் சான்று மணிமேகலை. சீத்தலைச் சாத்தனாரின் காப்பியம் முப்பது காதைகளைக் கொண்டது. வஞ்சி நகரில் மணிமேகலை மாதவன் வடிவு கொண்டு பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அங்கே அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான். பின்னர் பஞ்சத்தால் வாடிய காஞ்சியை அடைந்து அமுதசுரபியால் உணவளிக்கிறாள். இருபத்தொன்பதாம் காதையாகிய 'தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை'யில் அறவண அடிகள் அவளுக்கு அளவையியலைக் கற்பிக்கிறார். பசிக்குச் சோறு கொடுத்த பின்பே தருக்கம் தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இக்காதையை இலக்கிய மாணவர் விரும்பிப் படிப்பதில்லை. ஆதிரையின் கதையும் காயசண்டிகையின் கதையும் தரும் சுவை இதில் இல்லை. வடமொழிக் கலைச்சொற்கள் அடுக்கடுக்காக வருகின்றன. 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரே பௌத்தக் கருத்துகளைத் தெளிவுறுத்திக்கொள்ள மளூர் ரங்காசாரியரின் உதவியை நாடினார். பின்னர் குப்புசாமி சாஸ்திரியார், இக்காதையின் பகுதிகள் நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலோடு நெருக்கமாக ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினார். 1928இல் நூல் எழுதிய எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், மணிமேகலை திக்நாகருக்கும் முற்பட்டது என்று வாதிட்டார். காலம் எதுவாயினும் ஒன்று உறுதி. 647இல் யுவான் சுவாங் சீனத்தில் மொழிபெயர்த்த அதே அளவைப் பாடம், தமிழில் ஒரு பெண்ணுக்கு ஆசிரியர் சொல்லும் பாடமாக ஆசிரியப்பாவில் அமைந்திருக்கிறது.

பாடம் இதுதான். அளவைகள் இரண்டே, காட்சி ஒன்று, அனுமானம் மற்றொன்று. பிற அளவைகள் யாவும் அனுமானத்துள் அடங்கும். ஒன்றை நிறுவுவதற்கு உறுப்புகள் ஐந்து: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம். புகையுடையதாதலால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். இம்மலையும் புகையுடையது என்பது உபநயம். ஆகவே நெருப்புடையது என்பது நிகமனம். இறுதி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அறவண அடிகள் சுருக்கவும் செய்கிறார். எஞ்சும் மூன்றில் முதலிரண்டைப் பாருங்கள். பக்கமும் ஏதுவும், அதாவது கூற்றும் காரணமும். தேர்வுத்தாளின் இரண்டு பத்திகள்.

ஒப்புமையை இதற்கு மேல் இழுப்பது பிழையாகும். மூன்றாவது உறுப்பில் இருவழியும் பிரிகின்றன. திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்டோம். நெருப்பில்லாத நீர்நிலையில் புகை காணோம். எனவே மலையிலும் அவ்வாறே என்பது அளவையியலின் நடை. கணிதத்தில் எத்தனை அடுக்களைகள் காட்டினாலும் போதாது. ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, அதனுடன் அவ்வெண்ணையும் 41ஐயும் கூட்டுக. சுழியத்திலிருந்து 39 வரை எந்த எண்ணை இட்டாலும் பகா எண்ணே விடையாக வரும். நாற்பது எடுத்துக்காட்டுகள்! 40ஐ இட்டால் 1681 வருகிறது. அது 41ஐ 41ஆல் பெருக்கிய எண். ஆய்லரின் பெயரோடு வழங்கும் இக்கணக்கு, சரிபார்த்தலுக்கும் நிறுவுதலுக்கும் இடையிலான பிளவை ஒரு வரியில் காட்டிவிடுகிறது.

நம் பாடநூலிலேயே இரண்டு ஏவல்களும் உண்டு. கணங்கள் பற்றிய இயலில் குறிப்பிட்ட உறுப்புகளைக் கொடுத்து ஒரு சமன்பாட்டைச் 'சரிபார்க்க' என்பார்கள். வடிவியலிலும் முக்கோணவியலிலும் 'நிரூபிக்க' என்பார்கள். முதலாவதற்கு ஓர் அடுக்களை போதும். இரண்டாவதற்கு மலைகள் அனைத்துக்கும் பொருந்தும் காரணம் வேண்டும். 3, 4, 5 என்று பக்கங்களை எடுத்துக்கொண்டு 'பிதாகரஸ் தேற்றம் நிரூபிக்கப்பட்டது' என்று எழுதும் மாணவர், உழைக்காதவர் அல்லர். இந்த வேறுபாடு அவருக்குச் சொல்லப்படவில்லை.

எனில் அறவண அடிகளிடம் நாம் கற்க என்ன இருக்கிறது? ஐந்து உறுப்புகளைச் சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதே விடை. காதையின் பெரும்பகுதி, நிறுவல் எப்படியெல்லாம் தவறும் என்பதைப் பற்றியது. பக்கப் போலி ஒன்பது. ஏதுப் போலியில் அசித்தம் நான்கு, அநைகாந்திகம் ஆறு, விருத்தம் நான்கு. திட்டாந்தப் போலி பத்து. கூட்டினால் முப்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டும் உண்டு. 'என் தாய் மலடி' என்பது தன் சொல்லைத் தானே மறுக்கும் பக்கப் போலி. சரியான நிறுவலைச் சில வரிகளில் சொன்ன ஆசான், போலிகளுக்கு இத்தனை வரிகளைச் செலவிட்டது காரணமின்றி அன்று. எதிரே நிற்பவனின் வாதத்தில் ஓட்டை எங்கே என்று காணத் தெரிந்தவனே தன் வாதத்தையும் ஓட்டையின்றிக் கட்டுவான்.

விடைத்தாளில் நிகழும் பிழைகளை இப்போலிகளின் பெயரிட்டு அழைக்க முடியும். அசித்தம் என்பது நிலைபெறாத ஏது. தெரிவது புகையா, ஆவியா, பனியா என்ற ஐயம் தீராமலே நெருப்புண்டு என்று துணிவதை இவ்வகையில் மணிமேகலை சேர்க்கிறது. படத்தில் செங்கோணம் போலத் தெரிவதால் 'இக்கோணம் 90 பாகை' என்று காரணப் பத்தியில் எழுதும் மாணவர் செய்வது அதுவே. கொடுக்கப்பட்டதில் இல்லாத ஒன்றைக் கண் கண்டுவிட்டது.

அநைகாந்திகம் என்பது இருபுறமும் செல்லும் ஏது. ஒலி அநித்தம், அறியப்படுதலால் என்றால், அறியப்படுதல் நித்தியப் பொருளுக்கும் அநித்தியப் பொருளுக்கும் பொதுவாகி ஒன்றையும் நிறுவாது. 'மூலைவிட்டங்கள் சமம், ஆகவே இந்நாற்கரம் செவ்வகம்' என்பது அப்படிப்பட்டது. இருசமபக்கச் சரிவகத்துக்கும் மூலைவிட்டங்கள் சமமே. இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்படாத ஒரு கோணமும் சமம் என்பதைக்கொண்டு இரு முக்கோணங்கள் சர்வசமம் என்பதும் இதன் உடன்பிறப்பு.

விருத்தம் என்பது, நிறுவ வந்ததற்கு மாறானதை நிறுவும் ஏது. 'பக்கங்கள் 2, 3, 5. இரண்டும் மூன்றும் கூடினால் ஐந்து. ஆகவே முக்கோணம் அமையும்' என்ற விடையில், காட்டிய காரணமே முக்கோணம் அமையாது என்பதற்குச் சான்று. இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதை விட மிகுந்திருக்க வேண்டும் அன்றோ?

மாணவர் மட்டுமா இதில் இடறுகின்றனர்? அடிப்படை விகிதசமத் தேற்றத்தையே பார்ப்போம். முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரையும் கோடு மற்ற இரு பக்கங்களையும் சம விகிதத்தில் பிரிக்கும் என்பது அது. நம் மாநிலப் பாடநூல், சிறிய முக்கோணமும் பெரிய முக்கோணமும் கோணங்கள் சமமாதலால் வடிவொத்தவை, ஆகவே பக்கங்கள் விகிதசமம் என்று நிறுவுகிறது. யூக்ளிடின் ஆறாம் புத்தகமோ பரப்பளவுகளைக்கொண்டு இத்தேற்றத்தை முதலில் நிறுவி, அதன்மேல் நின்றே கோணங்கள் சமமான முக்கோணங்களின் பக்கங்கள் விகிதசமம் என்பதை நிறுவுகிறது. மத்தியப் பாடநூலும் பரப்பளவு வழியையே பின்பற்றுகிறது. வடிவொப்புமை விதியை முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகக் கொண்டால் மாநில நூலின் வழியில் குற்றமில்லை. ஆனால் அந்த விதி எப்படி வந்தது என்று ஒரு மாணவி கேட்டு, அதற்குத் தேல்ஸ் தேற்றத்தையே விடையாகச் சொல்லிவிட்டால் வட்டமடிக்கத் தொடங்கிவிடுவோம். அப்படிக் கேட்கும் மாணவிக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்கத் தேர்வில் வழியில்லை.

நிறுவல் பற்றிப் பேசும்போது இராமானுஜன் பெயர் வந்தே தீரும். கும்பகோணத்தில் அவர் படித்த கார் என்பாரின் நூல், ஆயிரக்கணக்கான முடிவுகளை மிகச் சுருங்கிய விளக்கத்தோடு அடுக்கியது. அவரும் அவ்வாறே எழுதப் பழகினார். 1913 ஜனவரியில் அவர் அனுப்பிய கடிதத்துக்கு ஹார்டி எழுதிய மறுமொழியின் சாரம், நிறுவல்களை அனுப்புக என்பதே. இராமானுஜனுக்கு நிறுவல் தேவைப்படவில்லை என்று பெருமையாகச் சொல்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவர் கண்ட முடிவுகளில் பெரும்பாலானவை சரியாயினும், பகா எண்களின் பரவல் பற்றி அக்காலத்தில் அவர் கூறியவற்றில் பிழை இருந்தது. அத்தகைய மேதைக்கும் அடுக்களை போதவில்லை. எது சரி, எது பிழை என்று பிரித்துக்காட்டியது நிறுவலே.

மீண்டும் காஞ்சிக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் கோர்வை நெசவில் உடலும் கரையும் வேறு வேறு நிறம், நாடாக்கள் மூன்று. குழித்தறியில் நெசவாளர் ஒருவராக எல்லாவற்றையும் இயக்க இயலாது. கரை நாடாவைத் தள்ள உடன் ஒருவர் அமர வேண்டும். 1980களிலும் 90களிலும் பல வீடுகளில் அந்த இடத்தில் அமர்ந்தவர்கள் பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர் சிறுமியர். அவர்களைத் தறியிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவரச் சட்டமும் இயக்கமும் நெடுநாள் உழைக்க வேண்டியிருந்தது. அவ்வாறு வந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று பத்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். வீட்டில் தேற்றத்தை விளக்க ஆளில்லாத பிள்ளைக்குக் கைடு நூலும் மனப்பாடமுமே துணை. தேர்வில் தேறிவிடவும் அது போதும். வினாத்தாளில் முக்கோணத்தின் பெயர் ஏபிசி என்பதற்குப் பதில் பிகியூஆர் என்று மாறினால் அந்தத் துணை கைவிட்டுவிடுகிறது. இழப்பு ஐந்து மதிப்பெண் மட்டுமன்று. காரணம் என்பது தன்னால் கண்டுபிடிக்கக்கூடியதன்று, யாரோ எழுதி வைத்ததை ஒப்பிக்க வேண்டியது என்ற பாடத்தை அப்பிள்ளை வாழ்நாளுக்கும் கற்றுக்கொள்கிறது.

இதற்கு மாற்று மிகப் பெரிய செலவுடையதன்று. தேற்றத்தை எழுதச் சொல்லும் வினாவுக்கு அருகிலேயே, பிழையான ஒரு நிரூபணத்தை அச்சிட்டு 'எந்த வரியில், ஏன் தவறு?' என்று கேட்கலாம். அதை மனப்பாடம் செய்து வர இயலாது. வகுப்பறையில் கூற்றுப் பத்தியை ஆசிரியர் எழுத, காரணப் பத்தியைக் காலியாக விட்டுப் பிள்ளைகளை வாதிடச் செய்யலாம். ஒருவர் சொல்லும் காரணம் இருபுறமும் செல்கிறதா, படத்தை மட்டும் நம்புகிறதா, முடிவையே காரணமாக்குகிறதா என்று மற்றவர் சோதிக்கட்டும். போலிகளுக்குத் தமிழில் பெயர்கள் ஏற்கெனவே உள்ளன. ஈழத்துப் பாடநூல்கள் 'நிறுவல்' என்ற சொல்லைப் பேணி வந்திருப்பதுபோல் நாம் இவற்றையும் எடுத்தாளலாம்.

தமிழாசிரியர் இருபத்தொன்பதாம் காதையை நடத்தும் நாளில் கணக்காசிரியரையும் வகுப்புக்கு அழைத்தால் என்ன? காஞ்சியில் பள்ளி ஒன்று அப்படித் தொடங்கினால், பசித்தவர்க்குச் சோறிட்ட கையோடு ஏது கேட்கவும் கற்ற ஒரு பெண்ணை அப்பிள்ளைகள் தங்கள் ஊர்க்காரியாகவே அறிந்துகொள்வார்கள்.